வீட்டோடு மாப்பிள்ளை சொன்ன சாவுச் செய்தி

ஒரு மனிதர் இறந்துபோன செய்தி, அவருடைய கூடப்பிறந்த தங்கைக்குத் தெரிவதற்கு முன்பே என் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு கணம் மயங்கி நம்பியதல்ல. வியர்த்து, நாக்கு வறண்டு, பசை கரைத்து வைத்திருந்த டம்ளரைத் தண்ணீர் என்று எடுத்து ஒரு மடக்குக் குடித்து, அதற்குப் பிறகும் நம்பினேன்.

கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கும் டிடிபி தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எந்த எழுத்துரு எந்தத் தாளில் எடுப்பாக விழும், எந்த பார்டருக்கு எந்த மை என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கண் மங்கிவிட்டது என்று போன வருஷம் நாற்காலியை விட்டு எழுந்தவன் நான். என்னிடம் மிச்சமிருப்பது ஒன்றுதான். மூளை நின்றுபோன நேரத்தில் கை என்னென்ன செய்யும் என்பது. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

எங்கள் கடை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில். முன்னால் கவுண்டர், நடுவில் நானும் கம்ப்யூட்டரும், பின்னால் அச்சு மெஷின். கவுண்டரில் ஜெயராணி. கடையில் பாதிப் பங்கு அவளுடையது. பேச்சில் முழுப் பங்கும் அவளுடையது. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா. கண்ணீர் அஞ்சலி மட்டும் நாங்கள் அடிப்பதில்லை. மங்கல காரியத்துக்கு வருகிறவர்கள் வாசலில் அப்படியொரு பலகையைப் பார்த்தால் படியேற யோசிப்பார்கள். கேட்டு வருகிறவர்களை அடுத்த சந்தில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கைகாட்டிவிடுவோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் அன்றைக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை.

பத்திரிகை கோக்கிற மென்பொருள் மிகப் பழையது. இத்தனை காலம் சேர்த்த பிள்ளையார், சிலுவை, குத்துவிளக்கு, வாழைமரம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. புதிய விண்டோஸில் அது ஓடாது. அதனால் சர்வீஸுக்கு வரும் ஆள் புது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்துக் கொடுத்தார். ஒரு பட்டனை அமுக்கினால் திரை முழுக்கப் பழைய விண்டோஸ் எழுந்து உட்காரும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். நான் வைத்த பெயர் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் வீட்டு மின்சாரம், மாமனார் வீட்டு மெமரி, மாமனார் வீட்டு பிரிண்டர். சொந்தமாக ஒரு துரும்பு கிடையாது. ஆனால் யாராவது கேட்டால் தனிக்குடித்தனம் என்பார். வெளியே இருக்கும் புது கம்ப்யூட்டர்தான் மாமனார். வாட்ஸ்அப், இன்டர்நெட் எல்லாம் மாமனாரிடம். மாப்பிள்ளைக்கு வைரஸ் வந்துவிடும் என்று வெளியுலகத் தொடர்பே கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமனார் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு, மாப்பிள்ளை பக்கம் போய்த் தட்டுவேன். போகிற வழியில் ஒரு சித்தப்பா தொலைந்துவிடுவார். அப்புறம் அந்த சர்வீஸ்காரர் செட்டிங்கில் ஓரிடத்தைக் காட்டினார். காப்பி செய்தது போய்த் தங்கும் கிளிப்போர்டைப் பகிர்வதா, எந்தத் திசையில் என்று கேட்டது. இரண்டு திசையிலும் என்று தட்டினேன். காசா பணமா. அன்று முதல் மாமனார் வீட்டில் காப்பி, மாப்பிள்ளை வீட்டில் பேஸ்ட். வாட்ஸ்அப் தமிழை அப்படியே ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். அதனால் நடுவில் ஓர் எழுத்துரு மாற்றியில் போட்டுப் பழைய எழுத்தாக்கிக் காப்பி செய்யவேண்டும். அவ்வளவுதான் வேலை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வாரம் இதைச் செய்து காட்டினேன். டீ கொண்டுவருகிறவர்கூட ஒருநாள், "பாத்துட்டேண்ணே, நேத்தே பாத்துட்டேன்" என்று தப்பித்துப் போனார்.

கூடவே ஒரு சட்டமும் போட்டேன். என் மவுஸை யாரும் தொடக்கூடாது. திரைக்கு மேல் எழுதி ஒட்டியும் வைத்தேன்.

இனி தமிழ்ச்செல்வி. சின்னாளப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்தவர் பார்டரையும் பார்க்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் பேசினார். பிறந்த வீடு தாடிக்கொம்பு. ஒரே அண்ணன், பெ. சௌந்தரராஜன். கிணற்றுத் தண்ணீர் முறையில் ஆரம்பித்த சண்டை. அண்ணனும் தங்கையும் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. பெண்ணுக்குத் தாய்மாமன் அவர் ஒருவர்தான். தங்கை வீடேறி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருவேன் என்று அவர். அவர் முதலில் ஒரு வார்த்தை பேசட்டும் என்று இவர். உறவுக்காரர்கள் இரண்டு பக்கமும் நடந்து தேய்ந்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பத்திரிகையில் எல்லாப் பெயருக்கும் மேலே, தனியாக, தாய்மாமன் என்று அவர் பெயர் வரவேண்டும். அச்சான முதல் பத்திரிகையை உறவில் ஒருவர் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பார். பெயரைப் பார்த்துவிட்டு அவர் வருவார்.

"அந்த ஒரு வரி மட்டும் சுத்தமா இருக்கணும்ணே," என்றார் தமிழ்ச்செல்வி. "இல்லைன்னா மேடையில அந்த எடம் காலியாத்தான் நிக்கும். எம்மக கேப்பா. நான் என்ன சொல்ல?"

வரியை மகளை விட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். தப்பே வராது, நம்மிடம் காப்பி பேஸ்ட் இருக்கிறது என்று பெருமையாகவும் சொல்லிவைத்தேன்.

முகூர்த்த நெருக்கம். பின்னால் மெஷின்காரர் தாளை அடுக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். மற்றதெல்லாம் கோத்தாகிவிட்டது. தாய்மாமன் பெயருக்கு மட்டும் மேலே ஒரு கட்டம், இரண்டு வரி கொள்கிற அளவு, காலியாக விட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வரி வந்தது. மாற்றியில் போட்டேன், காப்பி செய்தேன், மாப்பிள்ளையைத் திரை முழுக்கத் திறந்துவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் டீ ஞாபகம் வந்தது. காப்பி செய்தது எங்கே ஓடிவிடப் போகிறது என்று எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. திரையில் மாப்பிள்ளை. கட்டம் காலி. கவுண்டரில் ஜெயராணி இல்லை. அவள் கைப்பேசி சார்ஜில் கிடந்தது. உட்கார்ந்தேன். கட்டத்தில் கிளிக் செய்து ஒட்டினேன்.

கண்ணீர் அஞ்சலி
திரு. பெ. சௌந்தரராஜன் அவர்கள்

கட்டத்தில் இப்படித்தான் இருந்தது. கட்டத்துக்கு அடியில் சிவப்பாக ஒரு சின்ன முக்கோணம்.

கண்ணைக் கசக்கினேன். அழித்தேன். மறுபடி ஒட்டினேன். மறுபடியும் கண்ணீர் அஞ்சலி. மூன்றாவது முறை மெதுவாக, மாப்பிள்ளைக்கு யோசிக்க அவகாசம் கொடுத்து ஒட்டினேன். அவர் பேச்சை மாற்றவில்லை.

இப்போது என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். சிரித்துவிட்டுப் படியுங்கள். என் கையால் காப்பி செய்தது தாய்மாமன் சௌந்தரராஜன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன இடத்தில் வந்து நிற்பது செத்துப்போன சௌந்தரராஜன். அப்படியென்றால் நடுவழியில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். யார்? அந்த வாரம்தான் மாமனாருக்கு ஏதோ அப்டேட் வந்து, ஓரத்தில் புதிதாக ஒரு ஏஐ பட்டன் முளைத்திருந்தது. ஏஐக்கு எல்லாம் தெரியும், தப்பாக எழுதினால் அதுவே திருத்தும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஆக, மாமனார் வெளியே போய்ச் செய்தி கேட்டு வந்திருக்கிறார். உயிரோடு இல்லாத ஆளைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறானே இந்த முட்டாள் என்று திருத்தி, மாப்பிள்ளை காதில் போட்டிருக்கிறார். அந்தச் சிவப்பு முக்கோணத்தைக்கூட நான் துக்கத்தின் அடையாளம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த முக்கோணத்தின் அர்த்தம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். வேலைக்கு வரும் புது ஆட்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஆனால் பயந்தவனுக்குத் தெரிந்தது எதுவும் உதவிக்கு வருவதில்லை. பசைத் தண்ணீரைக் குடித்தது இந்த இடத்தில்தான்.

பின்னால் போய் மெஷின்காரரிடம், நிறுத்துங்கள், மாமன் போய்விட்டார் என்றேன். அவர் எந்த மாமன் என்றுகூடக் கேட்கவில்லை. தாளை மூடிவிட்டு பீடி பற்றவைக்க வெளியே போனார். நான் தனியாக நின்று யோசித்தேன். பெயரோடு அடித்தால் இறந்தவர் கல்யாணத்துக்கு அழைக்கிறார் என்று ஆகும். பெயரை எடுத்துவிட்டு அடிக்க எனக்கு உரிமை இல்லை. தாய்மாமனே போய்விட்டால் கல்யாணமே அந்தத் தேதியில் நடக்குமா? பாவம், அந்த அம்மாவுக்கு இது யார் மூலமாகவோ, எந்தக் கடை வாசலிலோ தெரியவந்தால்? நாமே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அன்றைக்கு நடந்த கோளாறுகளிலேயே பெரியது, நல்லது செய்கிறேன் என்ற இந்த நினைப்புதான்.

போன் போட்டேன். பின்னணியில் டங் டங் என்று பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம். திண்டுக்கல்லுக்குத்தான் வந்திருப்பதாகவும், பாத்திரக் கடையில் நிற்பதாகவும் தமிழ்ச்செல்வி சொன்னார். பத்திரிகை ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"அது இருக்கட்டும்மா. ஒங்க அண்ணனப் பத்தி எதாச்சும் சேதி வந்துச்சா?"

"எங்கண்ணனா? என்ன சேதி?"

"இல்ல, எனக்கு இப்பத்தான் வந்துச்சு. மனச தேத்திக்கங்க."

பாத்திரம் தட்டும் சத்தம் நின்றது. என்ன, எப்போது, எப்படி என்று எதுவும் கேட்கவில்லை அவர். கையிலிருந்த ஏதோ ஒன்று கீழே விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கும் சத்தம் மட்டும் செத்த நேரம் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.

பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயராணி உள்ளே வந்தாள். அழுதிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"ஒனக்கும் தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"காலையிலயே தெரியும்ணே."

"காலையிலயேவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஒங்களுக்கு அவரத் தெரியாதுல்ல. வேல நேரத்துல எதுக்குன்னு விட்டேன்."

"எனக்குத் தெரியாதா? சௌந்தரராஜன எனக்குத் தெரியாதா? அந்த வரிய நான்தான கோக்குறேன்."

"எந்த வரி?" என்றாள்.

"பாவம். தங்கச்சி மக கல்யாணத்தக் கண்ணால பாக்காமப் போயிட்டாரு மனுசன்."

ஜெயராணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவருக்கு ஏதுண்ணே தங்கச்சி? கூடப்பிறந்தவங்களே கெடையாது. ஒத்த ஆளு."

இந்த இடத்தில் நியாயமாக எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவளுக்கும் அப்டேட் ஆகியிருக்கிறது என்று தோன்றியது.

ஏஐ, மாமனார், திருத்தம் என்று முழுக் கதையையும் அவளிடம் சொன்னேன். அவள் என் பக்கம் வந்தாள். திரைக்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்புக்கு நேர் கீழே நின்று என் மவுஸைப் பிடித்தாள். கட்டத்தின் அடியில் இருந்த சிவப்பு முக்கோணத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

கட்டத்தில் இடம் போதாமல் மடிந்து கிடந்த வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. சாணார்பட்டி. அன்னார் இன்று காலை இயற்கை எய்தினார். இறுதி ஊர்வலம் அன்னாரது இல்லத்திலிருந்து. ஆழ்ந்த துயரத்தில் ஊர்ப் பொதுமக்கள்.

"இது நான் காப்பி பண்ணதுண்ணே," என்றாள்.

சாணார்பட்டி அவள் பிறந்த ஊர். இறந்தவர் அடுத்த வீட்டுக்காரர். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனவர். ஊரிலிருந்து பையன்கள் வாசகத்தை அவளுக்கு அனுப்பி, ஃப்ளெக்ஸுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் கடையும் பழைய எழுத்துதான். நான் டீக்குப் போன நேரம் பார்த்து, என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வாசகத்தைக் கடை வாட்ஸ்அப்புக்குத் தள்ளி, அதே மாற்றியில் போட்டு, காப்பி செய்து அவர்களுக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு, நான் கத்துவேன் என்று மாப்பிள்ளையை மறுபடி திரை முழுக்க விரித்து, மவுஸைக்கூட நான் வைக்கிற கோணத்தில் வைத்துவிட்டு, போட்டோ சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஃப்ளெக்ஸ் கடைக்கு நடந்து போயிருக்கிறாள்.

தொடக்கூடாது என்று சட்டம் போட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று அர்த்தமில்லை. தொட்டதைச் சொல்லமாட்டார்கள் என்றுதான் அர்த்தம். இதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஆனால் நின்று கற்றுக்கொள்ள நேரமில்லை.

"அந்தம்மாவுக்குப் போன் போட்டுட்டேன்," என்றேன்.

"என்னன்னு?"

சொன்னேன். ஜெயராணி நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். உடனே நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் 'உங்கள் அண்ணன் சாகவில்லை' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தால் அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

"ஒக்காந்து எழுதிக்கிட்டு இருக்கீங்களே, தாடிக்கொம்புக்குக் கெளம்புங்கண்ணே," என்று ஜெயராணி ஸ்கூட்டர் சாவியை என் கையில் திணித்தாள்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இருதய நோய் இருந்துவிட்டால்? அந்த அம்மா ஆட்டோவிலேயே மயங்கிவிட்டிருந்தால்? ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கினேன். வயிற்றில் பசை குலுங்கியது.

தாடிக்கொம்பில் டீக்கடையில் நிறுத்தி, சௌந்தரராஜன் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த சௌந்தரராசன்?" என்றார் பாய்லர் பக்கம் நின்றவர்.

கோயிலில் பெருமாளுக்கே அந்தப் பெயர். ஊரில் வீட்டுக்கு ஒருவராவது தேறுவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பெஞ்சில் இருந்தவர்கள் உதவிக்கு வந்தார்கள். ரேஷன் கடை சௌந்தரராசனா, டிரைவரா, காது மந்தமா என்று வரிசையாகக் கேட்டார்கள். பத்திரிகையில் கோத்திருந்த தாத்தா பெயர் ஞாபகம் வந்து, அப்பா பேர் பெருமாள் என்றேன். அதில் ஒருவரும் கழியவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"செத்துட்டாருன்னு இப்ப ஒருத்தரப் பத்திச் சேதி கெளம்பியிருக்குமே. அவரு."

"அவரா?" என்றார் பாய்லர்காரர். "நேராப் போயி எடது பக்கம். கூட்டம் நிக்கும். அவரும் நிப்பாரு."

கூட்டம் நின்றது. தமிழ்ச்செல்வி ஆட்டோவை விட்டு இறங்கித் தெருவில் ஓடிவந்த கோலத்தைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் எதுவும் கேட்காமல் பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டார்கள். பெண்கள் கூடி அழ ஆரம்பித்திருக்கிறார்கள். சௌந்தரராஜன் தோட்டத்தில் மடை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டு, மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது? தன் துக்கத்துக்குத் தானே கடைசி ஆளாக வந்து சேர்ந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நான் போனபோது முழங்கால்வரை சேற்றோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தமிழ்ச்செல்வி தரையில் உட்கார்ந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகையும் வசவுமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். கிணறு, தண்ணீர் முறை, அம்மா என்று சில வார்த்தைகள்தான் எனக்குப் பிடிபட்டன. அண்ணன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

நான் யார் என்று சொன்னேன். சௌந்தரராஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் பத்திரிக அடிக்கிறவனா?"

"ஆமாங்கய்யா."

"எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் விளக்கம் சொன்னேன். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் என்றேன், மாமனார் என்றேன், வீட்டோடு மாப்பிள்ளை என்றேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், இவர் எந்த வீட்டு மாப்பிள்ளை என்று விசாரித்தது காதில் விழுந்தது. சாணார்பட்டி என்ற ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

சௌந்தரராஜன் கேட்டார். "மூணாவது வரியில ஊரு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுங்கய்யா."

"படிச்சிருந்தா இவளுக்குப் போன் போட்டிருப்பியா?"

"போட்டிருக்க மாட்டேன்."

"போன் வரலைன்னா இவ இந்த வாசல்ல கால் வச்சிருப்பாளா?"

நான் தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சௌந்தரராஜன் தங்கையிடம், "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

அவர்கள் இருவருக்கும் இடையில் அத்தனை வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கவேண்டும். தமிழ்ச்செல்வி இல்லை என்று தலையாட்டினார். அப்படியே பக்கத்தில் கிடந்த கட்டைப்பையை இழுத்தார். சொந்தக்காரர்களை அழைப்பதற்காக அன்று காலை கடைவீதியில் வாங்கிய வெற்றிலை, பாக்கு, குங்குமம் எல்லாம் அதில் இருந்தன. தட்டு வாங்கத்தான் பாத்திரக் கடைக்குப் போயிருக்கிறார். அதைத்தான் நான் கீழே போடவைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு வந்தது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினார்.

"பத்திரிக எங்க?" என்றார் அண்ணன்.

தங்கை என்னைப் பார்த்தார். நான் சேற்றைப் பார்த்தேன்.

"இன்னும் அடிக்கல. வாயால சொல்றேன். வந்துரு."

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார்.

எந்த வரி சுத்தமாக இருந்தால்தான் அந்த மனிதர் வருவார் என்று நான் வியர்த்துக் கிடந்தேனோ, அந்த வரியே அவருக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் கடைக்குத் திரும்பி வந்து அதை மறுபடி காப்பி செய்து ஒட்டினேன். முதலில் ஒரு காலிப் பக்கத்தில் ஒட்டி, கடைசி எழுத்துவரை படித்து, அப்புறம் கட்டத்தில் ஒட்டி, கட்டத்தைக் கீழேவரை இழுத்துப் பார்த்து, ஜெயராணியைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன். அன்றிலிருந்து வேலையை விடும்வரை அப்படித்தான் செய்தேன். திரைக்கு மேல் ஒட்டிய அறிவிப்பையும் கிழித்தேன். தொட்டால் சொல், போதும் என்றேன். முதல் வாரம் தொடாத நேரத்திலும் தொட்டேன் தொட்டேன் என்று கத்தி என்னைப் பைத்தியமாக்கினாள்.

மறுநாள் தாடிக்கொம்பு சௌந்தரராஜன் ஒரு மாலையோடு கடைக்கு வந்து சாணார்பட்டிக்கு வழி கேட்டார். நம்ம பேரில் ஒருத்தர் போயிருக்கிறார், போகாமல் எப்படி என்றார். ஜெயராணி அவரோடு போனாள். கல்யாணத்தில் மேடையில் அந்த இடம் காலியாக நிற்கவில்லை. பந்தியில் என்னைப் பார்த்தபோதெல்லாம் அவர் பரிமாறுகிறவர்களிடம், இவருக்கு நல்லா வைங்கப்பா, என்னய அடக்கம் பண்ணவரு என்றார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனம் கூடுதலாக விழுந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, தெரியாமல் செய்த தப்பும் நன்மையில் முடியும் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தட்டு உருண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஆட்டோவில் அந்த அம்மா எப்படிப் போயிருப்பார் என்பதை நினைத்தால், எனக்குச் சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். ஏஐ எதையும் திருத்தவில்லை. மாமனார் எந்தச் சேதியும் கேட்டு வரவில்லை. கிளிப்போர்டில் ஒரு நேரத்தில் ஒரு வாசகத்துக்குத்தான் இடம். நான் காப்பி செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஜெயராணி அதன்மேல் இன்னொன்றைக் காப்பி செய்தாள். நான் வந்து, படிக்காமல் ஒட்டினேன்.